முறுக்கினால் கிழிகிறது: ஜோர்ஜ் ஓஹ்ரின் வேலை எங்கள் குளத்து மண்ணில் வருமா?

முத்தையன்கட்டுப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மண்பாண்ட வேலை தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் உதவி செய்யுங்கள்.

எங்கள் அப்பப்பா ஒட்டுசுட்டான் பக்கம் சட்டி பானை வனைந்தவர். அப்பா அந்த வேலையை எடுக்கவில்லை, மேசன் வேலைக்குப் போய்விட்டார். நான்தான் திரும்பக் குயவர் சில்லில் கை வைத்திருக்கிறேன். ஒரு நிறுவனம் நடத்திய பயிற்சியில் மின்சாரச் சில்லு ஒன்று கிடைத்தது. கார்த்திகை விளக்கீட்டுக்குச் சிட்டி, தயிர்க்காரருக்குச் சட்டி, கோயில் பொங்கலுக்குப் பானை என்று ஓரளவுக்கு வேலை ஓடுகிறது.

அண்மையில் ஜோர்ஜ் ஓஹ்ர் என்ற பழைய அமெரிக்கக் குயவரின் பாண்டங்களைப் படத்தில் பார்த்தேன். பார்த்ததில் இருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை. வாய் சேலைக் கொய்யகம் மாதிரி மடிந்து மடிந்து போகிறது. இடுப்பில் ஒரு முறுக்கு. சுவரோ அவ்வளவு மெல்லிசு. எல்லாமே சில்லில் வனைந்தவை என்று எழுதியிருக்கிறார்கள்.

நானும் முயன்றேன். சுவரை மெல்லிதாக இழுத்து, வாயைப் பிடித்துக்கொண்டு சில்லை மெதுவாக விட்டால் முறுக்கு விழத்தான் செய்கிறது. ஆனால் விழுந்த இடத்திலேயே சாய்வாகக் கிழிகிறது. கிழியாமல் தப்பியதைக் காய வைத்தால் மடிப்பின் அடியில் வெடிப்பு. அதிலும் தப்பியவற்றைச் சுட்டு எடுத்தேன். எடுத்தபோது குறையொன்றும் இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தால் சுவரில் அங்கங்கே சிறு துண்டுகள் தெறித்து விழுந்திருக்கின்றன, ஒவ்வொரு பள்ளத்தின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி.

மண், குளம் வற்றும் காலத்தில் எடுத்தது. அப்பப்பா சொல்லித் தந்த கணக்கில் மணல் சேர்த்து மிதித்தது. சமையல் சட்டிக்கு இந்த மண் ஒரு குறையும் வைத்ததில்லை.

பயிற்சி தந்தவர்களுக்கு எல்லாச் சிட்டியும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் கழிவுப் பெட்டிக்குள் போடச் சொல்கிறார்கள். அப்பா, "வளைஞ்ச பானையை ஆர் வாங்குவினம்?" என்கிறார். எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். இந்த மனிதர் இதை எப்படிச் செய்தார்? எங்கள் மண்ணில் இது வருமா?


பரந்தன் சந்தி எழுதியது:

தங்கச்சி, இந்த மடிப்பு முறுக்கு எல்லாம் இப்போது அச்சில் வார்க்கிறார்கள். நல்லதாக ஒன்றைச் செய்து அதிலிருந்து பிளாஸ்டர் ஒஃப் பரிஸ் அச்சு எடுத்துவிட்டால், கூழ் மண்ணை ஊற்றி எத்தனை வேண்டுமென்றாலும் எடுக்கலாம். கிழியவும் மாட்டாது. எல்லாம் ஒரே மாதிரி வருவதால் கடைக்காரரும் சந்தோசமாக எடுப்பார்கள். சில்லோடு மினக்கெட வேண்டாம்.


முள்ளியவளை வாத்தியார் எழுதியது:

பிள்ளை, கிழிவு, வெடிப்பு, வெள்ளைப் புள்ளி மூன்றும் மூன்று வேறு நோய். மூன்றுக்கும் மருந்து இருக்கிறது. அதற்கு முதல் ஓஹ்ரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு அவர் கதைக்குள்ளேயே பதில் இருக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவன். எங்கள் ஐயா பானை வனைந்தவர். வைகாசி விசாகம் நெருங்கினால் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்திப் பொங்கல் வைக்க வருகிற சனத்துக்காக எங்கள் முற்றம் முழுக்கப் பானை காயும். ஆகவே ஓஹ்ரின் பாண்டங்களை நான் சித்திர வாத்தியாராக மட்டும் பார்ப்பதில்லை. இந்தச் சுவரை இழுக்க எத்தனை வருடப் பழக்கம் வேண்டும் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஓஹ்ர் 1857இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிலொக்ஸி என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். தகப்பன் கொல்லர். மகனும் உலைக்களத்தில் வேலை பழகி, பிறகு வேறு வேறு வேலைகளுக்கு அலைந்து, கடைசியில் நியூ ஓர்லியன்ஸில் ஜோசப் மேயர் என்ற குயவரிடம் போய்ச் சேர்ந்தார். சில்லைக் கண்டதும் தண்ணீரில் இறங்கிய காட்டுத் தாராவைப் போல உடம்பெல்லாம் உணர்ந்தேன் என்று, 1901இல் ஒரு பீங்கான் வணிக இதழில் வந்த தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். தொழில் பழகியதும் சும்மா இருக்கவில்லை. பதினாறு மாநிலங்களைச் சுற்றி, வழியில் இருந்த மண்பாண்டப் பட்டறைகளை எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

ஊரில் அவர் செய்தது என்ன? புகைபோக்கிக் குழாய், பூச்சாடி, தண்ணீர்க் கூசா. சனம் கேட்டதைச் செய்து குடும்பத்தைப் பார்த்தார். பத்துப் பிள்ளைகள் பிறந்து ஐந்துதான் தங்கியது. அந்தக் கூசாவும் குழாயும் செய்த கைதான் முறுக்கு வேலையும் செய்தது. "பிலொக்ஸியின் பைத்தியக் குயவர்" என்று ஊர் அவருக்குப் பெயர் வைத்தது. இந்தப் பெயரைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. மீசையை நீளமாக வளர்த்துத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொள்வார், உலகத்திலேயே பெரிய கலைக் குயவன் நான்தான் என்று பலகை எழுதி வைப்பார், பட்டறைக்கு மேல் கோபுரம் கட்டுவார். உண்மைதான். பிலொக்ஸிக்கு ரயிலில் வந்து இறங்குகிற உல்லாசப் பயணிகள் அவர் கடைக்குள் வர வேண்டுமே. வேடம் வாசலோடு முடிந்துவிடும். உள்ளே சில்லுக்கு முன்னால் இருந்தவர் முழுத் தொழிலாளி. பைத்தியத்தால் அந்தளவு மெல்லிய சுவரை இழுத்து நிமிர்த்த முடியாது.

இனி மண். அவர் எங்கேயோ இருந்து பீங்கான் மண் வரவழைக்கவில்லை. பக்கத்தில் ஓடும் சூட்டகபஃபா ஆற்றங்கரையில் தானே தோண்டி எடுத்தார். இரும்புச் சத்துள்ள, குறைந்த சூட்டில் சுடுகிற செம்மண் களி, உங்களுடையது எந்த வகையோ அதே வகை. ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை கட்டினார்கள் என்றால் அந்தப் பக்கத்து மண்ணை நம்பித்தான் கட்டினார்கள். ஆகவே வருமா என்று கேட்டால், வரும். ஆனால் அப்பப்பாவின் கணக்கில் வராது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஆட்கள் பானையை முழுதாகச் சில்லில் முடிப்பதில்லை. சில்லில் வாயும் கழுத்தும் ஒழுங்காக வரும், வயிறு தடிப்பாகவே இருக்கும், அடி திறந்தே கிடக்கும். கொஞ்சம் இறுகிய பிறகு உள்ளே கல்லைப் பிடித்து வெளியே தட்டுப்பலகையால் தட்டித் தட்டித்தான் சுவரை மெல்லிதாக்கி அடியை உருட்டி மூடுவார்கள். மெலிவு வருவது தட்டுவதால்தான். தட்டுகிற மண்ணுக்கு மணல் தோழன். தட்டும்போது மண் இறுகிச் சேர்கிறது, மணல் இருந்தாலும் பிரியாது. பிறகு அடுப்பில் வைத்தால் நெருப்புச் சூட்டைத் தாங்குவதும் அந்த மணலால்தான். உங்கள் அப்பப்பாவின் கணக்கு சமையல் பானைக்கான கணக்கு, அதில் ஒரு பிழையும் இல்லை.

ஓஹ்ரின் வேலை இதற்கு நேர் எதிர். மெலிவு முழுவதும் சில்லிலேயே, விரலுக்கும் விரலுக்கும் நடுவில் வருகிறது. பிறகு முறுக்கும்போது சுவர் இழுபடுகிறது, மடிக்கும்போது வெளிப்பக்கம் விரிகிறது. இழுபடும் இடத்தில் ஒரு பருமணல் இருந்தால் கிழிவு அங்கேதான் தொடங்கும். உங்கள் சாய்வான கிழிவுகளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பாருங்கள், தொடக்கத்தில் ஒரு மணல் நிற்கும்.

மண்ணைப் பதப்படுத்தும் விதம்: மணல் போடாத குளத்துக் களியைக் காய வைத்து உடைத்து, பெரிய பரலில் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரையுங்கள். காய்ந்த மண்தான் நன்றாகக் கரையும், ஈரக் கட்டியைப் போட்டால் நாள் கணக்கில் கரையாமல் கிடக்கும். கரைத்ததும் பருமணல் அடியில் போய்விடும். மேல் கூழை நுளம்பு வலையை இரட்டையாக மடித்து வடியுங்கள். தெளிந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, தடித்த கூழை மணலுக்கு மேல் பழைய சீலை விரித்து அதில் பரப்புங்கள். பிசைகிற பதம் வந்ததும் பொலித்தீன் உரைக்குள் கட்டி நிழலில் வையுங்கள். கிடக்கக் கிடக்க மண் புளித்து இழுபடும் குணம் கூடும். மணம் வரும், பயப்பட வேண்டாம். பிறகு சுண்டுவிரல் பருமனில் ஒரு திரி உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். வெளிப்பக்கம் வெடிக்காமல் சுற்ற வந்தால் அது முறுக்குக்கான மண்.

இனி வெள்ளைப் புள்ளி. அது நத்தை. குளத்து அடி மண்ணில் நத்தை ஓடும் மட்டி ஓடும் நொறுங்கிக் கிடக்கும். எல்லாம் சுண்ணாம்பு. நல்ல சூட்டில் சூளைக்குள் அது நீறிவிடும். வெளியே எடுத்த பிறகு காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து ஊதும். ஊதும்போது மேலே இருக்கிற மண்ணைத் தள்ளி உடைக்கும். தடித்த சட்டியில் சின்னப் பொரிவோடு போய்விடுவதால் அப்பப்பா கவனித்திருக்கமாட்டார். மெல்லிய சுவரில் அது துளையாகவே தெரியும். ஐமிச்சம் இருந்தால் காய்ந்த மண்ணில் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நுளம்பு வலையில் வடித்தால் பெரும்பகுதி போய்விடும். அப்படியும் பயமிருந்தால், சுட்ட பாண்டத்தைச் சூளையில் இருந்து எடுத்து, கை சுடாத அளவு ஆறியதும் தண்ணீருக்குள் முழுதாக ஊறப் போடுங்கள். சுண்ணாம்பு காற்றில் மெல்ல ஈரம் குடித்து ஊதுவதற்கு இடம் கொடுக்காமல், நிறையத் தண்ணீரில் கூழாகிப் போகும். செங்கல் வேலைக்காரர் செய்கிற உபாயம் இது.

முறுக்குக்கு வருவோம். எங்கள் ஐயாவின் சில்லில் கழுத்து முறுகினால் மண்ணை வழித்துத் திரும்ப உருண்டைக்குள் போட்டுவிடுவார். சுவர் மெலிந்து, கை காய்ந்து, மண் விரலோடு ஒட்டிக்கொண்டால் சில்லு அடியை இழுக்கும், கை மேலே பிடிக்கும், நடுவில் முறுகிவிடும். எல்லாக் குயவரும் பயப்படுகிற பிழை. ஓஹ்ர் அந்தப் பிழையை, எங்கே வேண்டுமோ அங்கே, வேண்டிய அளவுக்கு வரவைத்தார். அதுதான் அவருடைய வித்தை. அதற்குச் சுவர் சுற்றிவரச் சமகனமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருந்தால் முறுக்கு முழுவதும் மெலிந்த பக்கமே போய்க் கிழித்துவிடும். ஆகவே முதலில் நேரான உருளை மட்டும் இழுத்து, கம்பியால் மேலிருந்து கீழே இரண்டாக அறுத்து வெட்டுமுகத்தைப் பாருங்கள். அடியில் இருந்து வாய் வரை கனம் ஒன்றாக வரும்வரை முறுக்குக்குப் போக வேண்டாம்.

வந்த பிறகு, உள்ளே தேங்கிய தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். சுவரின் வெளிக் கூழைச் சிரட்டைத் துண்டால் வழித்துவிடுங்கள். மேலே வழுக்கும் கூழ் இருக்கும்வரை கை பிடிக்காது. பிறகு வாயைப் பிடிக்காதீர்கள். நீங்கள் வாயைப் பிடிப்பதால்தான் முழு இழுவையும் கழுத்தில் விழுகிறது. முறுக வேண்டிய இடத்துக்கு ஒரு விரல் மேலே, இரண்டு உள்ளங்கையாலும் சுற்றிவர அணைத்துப் பிடியுங்கள். அமுக்கக்கூடாது. மின்சாரச் சில்லை இந்த வேலைக்கு நிற்பாட்டிவிட்டுத் தட்டைக் கையால் தள்ளிச் சுற்றுங்கள். கால் வட்டம் போதும். முறுகும்போது பானையின் உயரம் குறையும், அந்த நேரம் கையும் கூடவே இறங்க வேண்டும். கை இறங்காமல் நின்றால் கிழிவு நிச்சயம்.

மடிப்பு வேலை உடனே செய்யக்கூடாது. வாய் விரலில் ஒட்டாத அளவுக்கு இறுகும்வரை பொறுங்கள். மடிப்பின் அடியில் இரண்டு சுவர் சேரும் இடம் தடிப்பாகிவிடும், அது பிந்தித்தான் காயும். மெல்லிய விளிம்பு முந்திக் காய்ந்து சுருங்கி, ஈரமாக இருக்கிற அடியை இழுக்கும். உங்கள் வெடிப்பு இதுதான். சோளகக் காற்று அடிக்கிற நாளில் எங்கள் பக்கத்தில் வெளியே வைத்த பாண்டத்தின் ஒரு பக்கம் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். ஆகவே விளிம்புக்கு மட்டும் ஈரச்சீலை போட்டு, மேலே பொலித்தீனால் மூடி, காற்றுப் படாத மூலையில் தலைகீழாக வைத்துக் காய விடுங்கள். மணல் இல்லாத மண் கூடுதலாகச் சுருங்கும், அதனால் இங்கே அவசரம் கூடவே கூடாது.

பரந்தன் தம்பி சொன்ன அச்சு வேலை தொழிலுக்கு நல்லதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பிள்ளை கேட்டது ஓஹ்ரின் வேலையை. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்பதுதான் அந்த மனிதரின் ஒரே பிடிவாதம். 1880களின் நடுவில் நியூ ஓர்லியன்ஸில் நடந்த பருத்திக் கண்காட்சிக்கு, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத 600 பாண்டங்கள் கொண்டுபோனார். அவ்வளவும் களவு போனது. 1894 ஒக்டோபரில் பிலொக்ஸியில் பெருந்தீ. பட்டறை, சில்லு, சூளை, இருந்த பாண்டம் எல்லாம் போயிற்று. அவர் சாம்பலைக் கிளறி, கரிந்ததையும் உடைந்ததையும் பொறுக்கி, எரிந்த குழந்தைகள் என்று பெயர் சொல்லிக் கடைசிவரை வைத்திருந்தார். பானைகளைத் தன் மண் குழந்தைகள் என்றே சொல்பவர். மீளக்குடியேறி வந்து வளவைத் துப்புரவாக்கினபோது மண்வெட்டியில் சட்டி ஓடுகள் தட்டுப்பட்ட எங்களுக்கு இந்த இடத்தில் விளக்கம் தேவையில்லை. எங்கள் வளவில் கிடைத்த அரிக்கன் சட்டித் துண்டு ஒன்றில், அரிசியில் கல்லரிக்கும் அந்த வரிகள் அப்படியே இருக்கின்றன. ஐயாவின் விரல் அகலம் எது என்று அதில் எனக்குத் தெரியும்.

தீக்குப் பிறகு திரும்பக் கட்டினார். அவர் செய்த நல்ல வேலை எல்லாம் அந்தத் தீக்குப் பிறகு வந்தவை. முறுக்கு, மடிப்பு, நெளிந்த கைபிடிகள் எல்லாம் 1895க்கும் 1910க்கும் இடைப்பட்ட காலத்தவை என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்பா கேட்ட கேள்விக்கு: அவர் காலத்தில் கிட்டத்தட்ட ஒருவருமே வாங்கவில்லை. 1904இல் சென் லூயிஸ் உலகக் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள், ஒரு பாண்டமும் விலைபோகவில்லை. விலையை அவரும் இறக்கவில்லை. சில வருடங்களில் வேலையை நிறுத்தி, ஆயிரக்கணக்கான பாண்டங்களைப் பெட்டி கட்டிக் குடும்பத்தின் பொறுப்பில் விட்டார். 1918இல் இறந்தார். மகன்மார் அந்த இடத்தில் கார் திருத்தும் கராஜ் நடத்தினார்கள். 1960களின் கடைசியில் பழைய கார் உதிரிப்பாகம் தேடி அங்கே போன ஜேம்ஸ் கார்ப்பென்ரர் என்ற பழம்பொருள் வியாபாரிக்கு இந்தப் பாண்டங்களைக் காட்டினார்கள். பேசிப் பேசி 1972இல் முழுவதையும் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் உலகம் பார்த்தது. ஜாஸ்பர் ஜோன்ஸ் என்ற பெரிய ஓவியர் ஓஹ்ரின் பாண்டங்களைச் சேர்த்ததோடு தன் ஓவியங்களிலும் வரைந்திருக்கிறார்.

இதைக் கேட்டுவிட்டு நீங்களும் பெட்டி கட்ட வேண்டாம், பிள்ளை. சிட்டி விற்பதை நிற்பாட்டாதீர்கள், அவரும் புகைபோக்கிக் குழாயை விடவில்லை. ஆனால் அந்தக் கழிவுப் பெட்டிக்குள் போனவற்றில் நல்லதை வெளியே எடுங்கள். அடியில் திகதியும் எந்த மண் என்றும் கீறிவிட்டு ஒரு தட்டில் வரிசையாக வையுங்கள். இந்த வேலைக்கு உங்களுக்குப் படிப்பிக்கப்போவது அந்த வரிசைதான்.


ஸ்காபரோ வன்னியான் எழுதியது:

வாத்தியார், வாசித்து முடித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் ஓஹ்ரின் பாண்டங்கள் இருக்கின்றன. ரொபர்ட் எலிசன் என்பவர் தன் சேகரிப்பைக் கொடுத்தது. படத்தில் பார்க்கும்போது பெரிதாகத் தெரியும். நேரில் பார்த்தால் பல கைக்குள் அடங்குகிற அளவுதான். நான் நெடுநேரம் நின்று பார்த்தது ஒன்றின் விளிம்பை. மடித்த இடத்தில் விரல் அமத்திய பள்ளம் அப்படியே இருக்கிறது, அதை நீவி அழிக்கவில்லை. முறுக்கின் வரிகளுக்குள் மினுக்கம், அதாவது மேலே பூசிச் சுடுகிற கண்ணாடிப் பூச்சு, திரண்டு கறுப்பாகவும், முகட்டில் மெலிந்து மண் நிறமாகவும் தெரிகிறது.

பிலொக்ஸியிலும் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது, பிராங் கெரி வடிவமைத்தது. கட்டிக்கொண்டிருந்தபோது 2005இல் கத்ரீனா சூறாவளியில் மிதக்கும் சூதாட்டக் கப்பல் ஒன்று வந்து மோதி உடைத்துவிட்டது. திரும்பக் கட்டி 2010இல் திறந்தார்கள்.

என் கேள்வி ஒன்று. அந்த மினுக்கத்தை எங்கள் ஊரில் போட வழி இருக்கிறதா?


முத்தையன்கட்டுப் பிள்ளை எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. தேசிக்காய்ப் புளி விட்டுப் பார்த்தேன், நுரைத்தது. அம்மம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, குளத்து நத்தை பொறுக்கிச் சாப்பிட்ட காலத்தையே சொல்லத் தொடங்கிவிட்டார். கிழிவையும் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மணல் அங்கே நிற்கிறது.

உருளையை அறுத்துப் பார்த்ததும் சொல்கிறேன்: அடியில் தடிப்பு, நடுவில் மெலிவு, வாயில் திரும்பத் தடிப்பு. முதலில் அதைச் சரிசெய்கிறேன். முறுக்குக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். தயிர்ச் சட்டிக்கும் இந்த வடித்த மண்ணையே பாவிக்கலாமா? மற்றது, எங்களிடம் இருப்பது திறந்த சூளை. தேங்காய்ப் பொச்சும் விறகும் அடுக்கி, மேலே வைக்கல் போட்டுச் சேறு பூசிச் சுடுகிறோம். மெல்லிய பாண்டம் அதில் தாங்குமா?


முள்ளியவளை வாத்தியார் எழுதியது:

தயிர்ச் சட்டிக்குப் பழைய மண்ணே நல்லது. தயிர் இறுகுவது சட்டி தண்ணீரை உறிஞ்சுவதால். அந்தத் திறந்த உடம்பு மணல் சேர்த்த மண்ணில்தான் வரும். இரண்டு மண்ணையும் இரண்டு இடத்தில் வையுங்கள், கலந்துவிட வேண்டாம். சில்லுத் தட்டையும் மாறும்போது கழுவுங்கள்.

திறந்த சூளையில் மெல்லிய பாண்டத்தை நெருப்பு நேரே நக்க விடக்கூடாது. பழைய பெரிய பானை ஒன்றுக்குள் இதை வைத்து, சுற்றிவர உமி போட்டு, வாயை ஓட்டால் மூடி, அந்தப் பானையைச் சூளையின் நடுவில் வையுங்கள். வெளிப் பானை சூட்டைச் சமப்படுத்தித் தரும். உமி எரிந்து புகையால் அங்கங்கே கறுப்பு ஏறும். பூநகரியிலும் மாந்தையிலும் தோண்டி எடுத்த கறுப்பு சிவப்பு மட்பாண்டங்களுக்கு அந்தக் கறுப்பு வந்ததும் காற்றுக் கிடைக்காத பக்கத்தில்தான். எனக்கு அது குறையாகத் தெரியாது.

முதல் சில மணித்தியாலம் வெறும் புகைச்சல் மட்டும் போதும். பாண்டம் காய்ந்த மாதிரி இருந்தாலும் மண்ணுக்குள் ஈரம் இருக்கும். அவசரப்பட்டு எரித்தால் அது ஆவியாகி அடித்து உடைக்கும். 573 பாகை செல்சியசில் மண்ணில் உள்ள படிகக்கல் சட்டென்று ஊதும், ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். ஆகவே ஏற்றும்போதும் பைய, ஆறும்போதும் பைய. சூடு பார்க்கவென்று மேலே பூசிய சேற்றை இடையில் உடைக்க வேண்டாம், தானாக ஆறட்டும்.

ஸ்காபரோத் தம்பி, அந்த மினுக்கம் ஈயம் சேர்த்தது. அந்தக் காலத்தில் குறைந்த சூட்டுப் பாண்டத்துக்கு எல்லோரும் அதைத்தான் போட்டார்கள். தூளாக மூச்சில் போனாலும் கையில் ஒட்டிச் சாப்பாட்டோடு போனாலும் நஞ்சு. பிள்ளை குட்டிகள் ஓடித்திரிகிற முற்றத்தில் அந்த வேலை வேண்டவே வேண்டாம். ஈயம் இல்லாத மினுக்கம் கடையில் வாங்கலாம். அதற்கு மூடிய மின்சாரச் சூளையும் கூடுதல் சூடும் வேண்டும். ஓஹ்ரே பிந்திய காலத்தில் மினுக்கத்தை விட்டுவிட்டார். கடவுள் ஆன்மாவுக்கு நிறம் வைக்கவில்லை, நானும் என் பானைக்கு நிறம் வைக்கமாட்டேன் என்றவர். மினுக்கம் இல்லாத அந்தப் பிந்திய பாண்டங்களைத்தான் நான் மேலாக வைப்பேன். முறுக்கும் மடிப்பும் மறைப்பு எதுவும் இல்லாமல் தெரியும். பிள்ளை, நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம். சுடுவதற்கு முதல், பாதி காய்ந்த நிலையில் குன்றிமணியாலோ வழவழப்பான கூழாங்கல்லாலோ தேய்த்துவிடுங்கள். மண்ணே மினுங்கும்.

மற்றது, வடித்த மண்ணில் ஒரு கட்டை செய்து அதில் பத்துச் சென்ரிமீற்றர் கோடு கீறிக் காய வையுங்கள். காய்ந்ததும் ஒரு தரம், சுட்டதும் ஒரு தரம் கோட்டை அளந்து எழுதுங்கள். ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் குறைந்திருந்தால் அரைத்து அரித்த ஓட்டுத்தூள் கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கும், எவ்வளவு என்று அந்த அளவைப் பார்த்துத்தான் சொல்லலாம்.